கல்லடிக் கிணறுகளுக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் நிலத்தடி நீர்ப்படுகைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த நெடுங்கட்டுரையைப் படித்தேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் படுகைக்கு முழுப் பக்கம், கற்பிட்டி மணல் நீரின் நைத்திரேற்று மாசுக்கு அரைப் பக்கம். கிழக்குக் கரையோர நீரின் தரம் பொதுவாகத் திருப்திகரம் என்று எங்களுக்கு ஒரே வரி. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கல்லடியில் நல்ல தண்ணீர் என்பது, மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்பதுதான் என்பது தாங்கள் அறியாததல்ல. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். தை மாதத்தில் தேநீருக்கு உதவும் எங்கள் கிணற்று நீரில் ஆவணியில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. எந்த மாதத்து மாதிரியைக் கண்டு திருப்தியடைந்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைக்கச் சொன்னார்கள். இறைத்தோம், உப்பு கூடியது, பின்னர் வந்த மழைகள்தான் அதைக் கழுவின. அக்காலத்திலும் பிறகும் தண்ணீர் எடுத்துப்போனவர்கள் போத்தலில் இலக்கம் ஒட்டினார்களே தவிர, முடிவை எங்களுக்கு அறிவித்ததில்லை.

வளவுகள் துண்டுதுண்டாகிய பின், மதிலுக்கு அப்பால் அயலவரின் மலசலகூடக் குழி, இப்பால் எங்கள் கிணறு. அத்தகைய குழிகளிலிருந்து கசிந்து வரும் நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது கைக்குழந்தைகளை எண்ணித்தான். கொதிக்கவைத்தாலும் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். குளோரீன் தூள் போட வந்த உத்தியோகத்தரிடம் என் மகள் இதைக் கேட்டபோது, குழாய் நீர்தான் இருக்கிறதே என்றார். குழாய் வந்ததும் கிணற்றைப் பரிசோதிக்கும் கடமை தீர்ந்தது போலும்! குழாய் நிற்கும் நாட்களில் நாங்கள் உலை வைப்பது எந்தத் தண்ணீரில் என்று அவர் கேட்கவில்லை.

படுகை முழுவதற்குமான சராசரி எங்களுக்கு வேண்டாம். மழைக்கு முன் புரட்டாதியிலும், மழை ஓய்ந்த பின் மாசியிலும் கிணறுகளில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் நைத்திரேற்றையும் அளக்குமாறு உரியவர்களை வற்புறுத்தி, கிராம சேவகர் பிரிவு வாரியாக அம்முடிவுகளைத் தாங்கள் வெளியிட்டால் போதும். மரண அறிவித்தல்களுக்கு அருகில் ஒரு சிறு கட்டம் கிடைத்தாலும் ஆட்சேபமில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.