மிச்சம் வைத்தால் குற்றமா? நிதி தரும் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். சிறிய நாடகக் குழு ஒன்றின் வரவு செலவைப் பார்க்கிறவன் நான். எங்கள் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "வங்கியில்தான் பணம் இருக்கிறதே" என்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி இன்ன நாடகத்துக்கு, இன்ன பயிற்சி முகாமுக்கு என்று நீங்களே கட்டிப்போட்டுத் தந்தது. அதை எடுத்து வாடகை கட்டினால் நிபந்தனை மீறல். அதனால்தான் கையிருப்பு உள்ள மாதத்திலும் சம்பளம் தள்ளிப்போகிறது.

மேடைக்கும் உடைக்கும் தருகிறீர்கள், நன்றி. ஒத்திகைக் கூடத்தின் மின்கட்டணமும் தணிக்கையாளரின் கட்டணமும் மட்டும் 'நிர்வாகச் செலவு' ஆகிவிடுகின்றன. (தணிக்கை அறிக்கை கேட்பதும் நீங்கள்தான்.) அப்புறம் அந்தக் கடைசித் தவணை. நிகழ்ச்சி முடிந்து, ரசீதெல்லாம் சரிபார்த்த பிறகே வருகிறது. அதுவரை நடிகர்களிடம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். உங்கள் திட்டத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுப்பது அவர்கள்தான்.

டிக்கெட் விற்றுச் சமாளிக்கலாமே என்பீர்கள். அது ஏன் முடிவதில்லை என்று வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளியலாளர்கள் 1966இலேயே விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள் கூடிக்கொண்டே போகிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வர் வேண்டும், நேரமும் அதேதான். ஆனால் வெளியே கூலி ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றித்தானே ஆகவேண்டும்? எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும் செலவுக்கும் டிக்கெட் வரவுக்கும் உள்ள இந்த இடைவெளி முழுதாக அடைபடாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மிச்சம் விஷயத்தில். ஆண்டுக் கடைசியில் கொஞ்சம் பணம் மீந்தால், "உங்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது" என்று அடுத்த மானியத்தில் கை வைக்கிறீர்கள். அதற்குப் பயந்தே எதையாவது வாங்கிப் பணத்தைத் தீர்க்கும் குழுக்கள் உண்டு. 2020இல் அரங்குகள் மூடப்பட்டபோது டிக்கெட் வரவு நின்றது, வாடகை நிற்கவில்லை. மூன்று மாதச் செலவையாவது எதிலும் கட்டுப்படாத நிதியாக வைத்திருக்கும் குழுவை நீங்கள் பாராட்ட வேண்டும்.

கணக்கே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், அடுத்த 12 மாதங்களில் எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கேளுங்கள். எங்களில் பலர் அதை எழுதிப் பார்ப்பதே இல்லை, நீங்கள் கேட்டால் எழுதுவோம். மானியத்தில் ஒரு பங்கை நிபந்தனையில்லாமல், வேலை தொடங்கும் முன்பே தாருங்கள். அடுத்த விண்ணப்பப் படிவத்தை அச்சிடும் முன் இதைப் பரிசீலித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்