குளிக்க இறங்கிய ஆறு: தேசியப் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மொரிஷியசின் தென்பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். தூய்மையான சுற்றுச்சூழலுக்கான உரிமையை நம் அரசமைப்பில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மாலை நேரங்களில் எங்கள் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் ஆற்றைப் பற்றியும், மேட்டில் இருக்கும் ஆலையைப் பற்றியும், அதன் கழிவு எந்தக் குழாய் வழியாக ஆற்றுக்கு வருகிறது என்பதைப் பற்றியும் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் கரைவரை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம். அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. இந்தத் தைப்பூசத்தன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன வருடம் என் கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்து வீடு வந்தால் மூன்று வருடம் காவடி எடுப்பதாக என் மகன் முருகனிடம் நேர்ந்துகொண்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. கொடியேற்றிய நாள் முதல் பத்து நாள் விரதம் இருந்தான். பாயில் படுத்தான், ஒருவேளைதான் சாப்பிட்டான், வேலைக்கும் போய்வந்தான். காவடியை அவனே கட்டினான். மூங்கிலை வளைத்து, தென்னங்குருத்து பின்னி, பூ வைத்து முடிக்க மூன்று இரவு ஆனது.

எங்கள் ஊரில் காவடி ஆற்றங்கரையில்தான் தொடங்கும். விடிவதற்கு முன்னாலேயே எல்லாரும் ஆற்றில் இறங்கிக் குளித்து, ஈரத்துணியோடு கரைக்கு வந்து, விபூதி பூசி, பூஜை முடிந்து, அலகு குத்திக்கொண்டு கோவிலுக்கு நடப்பார்கள். என் மாமியார் காலத்திலும் இப்படித்தான், அவருடைய மாமியார் காலத்திலும் இப்படித்தான்.

அன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது படிக்கல்லை ஒட்டி வெள்ளையாக நுரை நின்றது. அழுகின முட்டை வாடை. கொஞ்சம் வெளுத்ததும் செத்த மீன்கள் தெரிந்தன, சின்னச் சின்னத் திலாப்பியா, வயிறு மேலே இருக்க. பெரியவர்கள் ஒதுங்கி நின்று பேசினார்கள். பூசாரி ஐயா யாரையும் இறங்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. பாவம், அவர் என்ன சொல்ல முடியும்? கோவில் ஆட்கள் ஒரு தண்ணீர் லாரிக்குப் போன் செய்தார்கள். நீல பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பி, பாதிப் பேர் சிமெண்டுத் தரையில் நின்று சொம்பால் ஊற்றிக்கொண்டார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்ததே காலையில் கொஞ்ச நேரம்தான். குடிக்க இல்லாத தண்ணீரை வாங்கி, பக்கத்தில் ஓடுகிற ஆற்றுக்குப் பதிலாக ஊற்றிக்கொண்டோம்.

என் மகன் ஆற்றில் இறங்கினான். "ஆற்றில் குளித்து எடுக்கிறேன் என்றுதானே அம்மா நேர்ந்தேன்" என்று கிரியோல் மொழியில் சொல்லிவிட்டு மூன்று முழுக்குப் போட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பையனைக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். சாமி காரியம் என்று விட்டுவிட்டேன். அது இன்னும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

முதுகில் அலகு குத்திய இடங்கள் வழக்கமாக விபூதி வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். இந்த முறை மூன்றாம் நாள் ஒவ்வொரு துளையும் சீழ் கட்டியது. கழுத்திலும் தொடையிலும் தடிப்பு. காய்ச்சல். ஒன்பது நாள் மருந்து, இரண்டு வாரம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. மருத்துவர் "எங்கே குளித்தாய்?" என்று மட்டும் கேட்டார். அவன் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு மருந்து எழுதினார்.

அப்புறம் நான் அலுவலகங்களுக்கு நடக்க ஆரம்பித்தேன். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் இடத்தில், ஆற்றுநீரைச் சோதிப்பது தங்கள் வேலை, ஆலைக் கழிவு வேறு பிரிவு என்றார்கள். அந்த வேறு பிரிவில், மழைக்குப் பிறகு எல்லா ஆற்றிலும் அப்படித்தான் இருக்கும், மாதிரி எடுத்த தேதி என்ன என்று கேட்டார்கள். செத்த மீனை நான் பாட்டிலில் போட்டு வைத்திருக்க வேண்டும் போல. மூன்றாவது இடத்தில் இருந்தவர் என் மனுவை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "அம்மா, ஆற்றங்கரையில் உங்களுக்கு நிலம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்படியானால் இதில் உங்களுக்கு நேரடியாக என்ன நஷ்டம்?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். அவரைக் குறை சொல்லவில்லை. நம் சட்டம் கேட்கிற கேள்வியை அவர் கேட்டார், அவ்வளவுதான். 2002ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால், அந்த முடிவால் தனக்கே அநியாயமான பாதிப்பு வரும் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆறு எல்லாருக்கும் பொது, அதனால் தனியாக யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து, 1968 மார்ச் 12 முதல் நம் நாட்டை நடத்திவரும் அரசமைப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இரண்டாம் அத்தியாயம், அடிப்படை உரிமைகள். 4ஆம் பிரிவு உயிரைக் காக்கிறது. 8ஆம் பிரிவு சொத்தைக் காக்கிறது, ஆலைக்காரரின் சொத்தும் அதில் சேரும். 11ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மத வழிபாட்டையும் காக்கிறது. ஆக, என் மகன் காவடி எடுப்பதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. அவன் குளிக்க இறங்கிய தண்ணீருக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஒரு வரி இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 17ஆம் பிரிவைப் பாருங்கள். அந்த அத்தியாயத்தில் உள்ள உரிமை ஒன்று மீறப்பட்டாலும், மீறப்பட்டுக்கொண்டிருந்தாலும், மீறப்படலாம் என்று தெரிந்தாலும் ஒருவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். மீறப்படலாம் என்றால்கூடப் போகலாம்! சீழ் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று அலுவலகங்களுக்கு நடந்து, எந்தக் கதவு நம்முடையது என்று தேட வேண்டியதில்லை. தூய்மையான, உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சுற்றுச்சூழலுக்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று அந்த அத்தியாயத்தில் ஒரு பிரிவைச் சேருங்கள். நான் கேட்பது அதைத்தான்.

சுற்றுச்சூழலுக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 1991இல் ஒன்று வந்தது, 2002இல் ஒன்று வந்தது, 2024இல் இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றிலும் நல்ல விஷயங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவையெல்லாம் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் அதிகாரம் கொடுக்கிற சட்டங்கள். அவர்கள் அதைப் பயன்படுத்தாவிட்டால் என் போன்றவள் என்ன செய்வது? புகார் எழுதலாம். எழுதினேன்.

எங்கள் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டுப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது. அந்த ஊர்க் குடிமக்கள் நல மன்றம் ஒன்று நேரே இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அசுத்தம் செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டையும் கொடுக்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுப்பது அரசின் கடமை, இவை நாட்டின் சட்டம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பாலாறு அதனால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்டு அவர்களை யாரும் வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.

தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. நிறவெறி ஆட்சி முடிந்து எழுதிய அரசமைப்பிலேயே, 24ஆம் பிரிவாக, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு செய்யாத சூழலுக்கு எல்லாருக்கும் உரிமை உண்டு என்று எழுதிவிட்டார்கள். நிலக்கரிப் பகுதியின் நச்சுக் காற்று அந்த உரிமையை மீறுகிறது என்று 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபையும் இதை மனித உரிமை என்று ஏற்றது. 161 நாடுகள் ஆதரவு, எதிர்த்து ஒரு வாக்குக்கூட இல்லை. உலகம் ஒப்புக்கொண்டதை நம் அரசமைப்பில் எழுத இன்னும் என்ன தயக்கம்?

நம் மக்களுக்கு இதில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2020 ஜூலை 25 அன்று நம் தென்கிழக்குக் கடற்கரையில், போன்த் தெஸ்னி பக்கம் பவளப்பாறையில் வாக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் மோதி நின்றது. பன்னிரண்டு நாள் எல்லாரும் கரையிலிருந்து பார்த்தோம். ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிய ஆரம்பித்து, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று சொன்னார்கள். பக்கத்துக் கடலோர ஊரான மஹேபூரில் யாரும் வீட்டில் உட்காரவில்லை. கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, பிளாஸ்டிக் பாட்டில் கட்டி, தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்துத் தடுப்பு செய்தார்கள். நானும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களும் இரண்டு நாள் போய்த் தைத்தோம். கையில் ஒட்டிய கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று யாரும் அங்கே பார்க்கவில்லை. கடல் எங்களுடையது என்று நினைத்தோம். சட்டப்படி அது எங்கள் உரிமையா என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மார் ஷிகோஸைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1997 முதல் இந்தத் தீவு முழுவதுக்கும் அது ஒன்றுதான் குப்பை நிலம். நாளுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் அங்கே போய்க் கொட்டுகிறோம், என் வீட்டுக் குப்பையும் அதில் உண்டு. காற்று திரும்பினால் அந்தப் பக்கத்து வீடுகள் ஜன்னலைச் சாத்திக்கொள்கின்றன. இடம் நிறைந்துவிட்டது என்று எத்தனை ஆண்டாகச் செய்தி படிக்கிறோம்? சுற்றுலா விளம்பரத்தில் நீலக் கடலைக் காட்டுகிற நாடு இது. அதன் குப்பையின் நாற்றத்தைச் சில கிராமங்கள் மட்டும் சுமக்கின்றன, அவர்களுக்கும் கேட்கிற உரிமை ஏட்டில் இல்லை.

மன்னிக்க வேண்டும். ஆற்றைப் பற்றி எழுத வந்து எங்கெங்கோ போய்விட்டேன்.

எங்கள் ஊரிலேயே என்னை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஆலையில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் இரண்டு பேர் என் மாணவர்களின் அப்பாக்கள். "டீச்சர், ஆலையை மூடிவிட்டால் நாங்கள் எங்கே போவது?" என்று கேட்டார்கள். ஆலையை மூடு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கழிவைச் சுத்தம் செய்து விடு என்கிறேன். அதற்குச் செலவாகும், தெரியும். இப்போது அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? என் மகனின் இரண்டு வாரச் சம்பளத்தில், கோவில் கொடுத்த லாரி வாடகையில், ஆற்றில் மீன் பிடித்துச் சாப்பிட்ட வீடுகள் இப்போது கடையில் வாங்குகிற மீனில். உரிமை என்று எழுதிவிட்டால் ஆலைக்காரரும் தொழிலாளியும் நாங்களும் ஒரே நீதிபதி முன்னால் நிற்போம். எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். எனக்கு அது போதும்.

இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் முக்கால் பங்கு வாக்கு வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. முன்பெல்லாம் அதைக் காட்டி, எண்ணிக்கை போதாது என்று சொல்லிவிடலாம். 2024 நவம்பரில் நாங்கள் வாக்களித்தபோது 62 இடங்களில் 60 இடங்களை ஒரே கூட்டணிக்குக் கொடுத்தோம். இதற்கு மேல் எங்களால் என்ன கொடுக்க முடியும்? எதிர்வரிசையில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், இதில் கட்சி பார்க்க வேண்டாம். அந்த எண்ணிக்கை உங்களிடம் இருக்கும்போதே, சுற்றுச்சூழல் உரிமையை இரண்டாம் அத்தியாயத்தில் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவாருங்கள். வழிகாட்டுக் கொள்கை என்று முகவுரையில் அழகாக எழுதி வைத்தால் எங்களுக்கு உதவாது. 17ஆம் பிரிவு எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

என் மகனின் முதுகில் தழும்புகள் இன்னும் மறையவில்லை. அடுத்த தைக்கும் எடுக்கிறேன் என்கிறான். மூன்று வருடம் என்று நேர்ந்தான், ஒன்று முடிந்தது, இரண்டு பாக்கி இருக்கிறது. ஆற்றில்தான் குளிப்பேன் என்பதிலும் அவன் மாறவில்லை. அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த மசோதாவைப் பேரவையில் வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். விடியற்காலையில் படிக்கல் வரை கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
தெற்கிலிருந்து ஒரு தமிழாசிரியை, ஒரு காவடிக்காரனின் அம்மா