பழகிவிடும் என்கிறார்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நர்சிங்கை விட்டுவிடலாமா என்று போன தடவை புலம்பியிருந்தேனே, இப்போது எப்படி என்று கேட்டிருக்கிறாய்.

அந்த எண்ணம் இன்னும் வருகிறது. ஆனால் எப்போது வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன். பெரும்பாலும் நைட் ட்யூட்டி முடிந்து விடுதிப் படியேறும்போதுதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் கவனமும் கையும் மந்தமாகிவிடும் என்று 1997-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அந்த நிலையில் உட்கார்ந்து என் எதிர்காலத்தை முடிவு செய்துகொண்டிருந்தேன்! இப்போதெல்லாம் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகுதான் அந்தக் கேள்வியைத் தொடுகிறேன். பாதி நாள் அது காணாமல் போயிருக்கும்.

மீதி நாள் இருக்கும். போன மாதம் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். உடம்பைத் துடைத்து, உறவினர்களிடம் ஒப்படைத்தோம். அரை மணி நேரத்தில் அதே கட்டிலில் புது விரிப்பு, புது நோயாளி. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று சிரித்தபடி கேட்கிறார். நானும் சிரித்தாக வேண்டும். சாவைவிட அந்த அரை மணி நேரம்தான் என்னைப் பிழிந்துவிட்டது. பழகிவிடும் என்கிறார்கள் சீனியர்கள். பழகிவிடுமோ என்பதுதான் என் பயமே.

வேலையால் உள்ளுக்குள் தீர்ந்துபோகும் இந்த பர்ன் அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. களைத்துப்போவது, வேலைமீது கசப்பு வந்து மனம் விலகுவது, நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது, மூன்றும் அதில் சேரும். எனக்குக் களைப்பு உண்டு, சந்தேகமும் உண்டு. மனம் மட்டும் இன்னும் விலகவில்லை. அழுகை வருகிறவரை தேவலை என்றே நினைக்கிறேன். எங்களுக்கு மன உறுதி வகுப்பு நடத்துகிறார்கள். அதற்குப் பதில் நைட்டில் இன்னும் ஓர் ஆளைப் போடலாம், சரி விடு.

மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் 1950-களில் லண்டனில் டாக்டர்களைக் கூட்டி உட்காரவைத்து, நோயாளிகளைப் பார்ப்பதால் தங்கள் மனதில் என்ன நடக்கிறது என்று பேசவைத்தாராம். அறைத்தோழிகள் நாங்களும் வாரம் ஒருமுறை அப்படிப் பேசுகிறோம். யாரும் அறிவுரை சொல்லக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. அந்தப் பெரியவரைப் பற்றி முதலில் பேசியதும் அங்கேதான்.

அடுத்த வாரம் குழந்தைகள் வார்டு போஸ்டிங். ஊசி என்றாலே உன் பையன் வீட்டை இரண்டாக்குவான் என்பாயே, அவனை எப்படிச் சமாளிக்கிறாய்? அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் தோழி