டெங்கு கார்டில் ஐஜிஜி கோட்டையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டெங்கு என்று தெரிந்ததும் கூட வந்தவர்கள் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான். டெங்கு பரிசோதனைக் கார்டில் ஐஜிஜி என்ற இடத்தில் விழும் கோட்டை யாரும் கேட்பதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; அதில் ஒரு வகை ஐஜிஜி. காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களிலேயே அந்தக் கோடு பளிச்சென்று விழுந்தால், முன்பே ஒருமுறை டெங்கு வந்திருக்கலாம். அதைச் சொன்னால், "அப்ப உடம்பு தாங்கிக்கும்" என்று தைரியமாகிவிடுகிறார்கள். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டெங்கு வைரஸில் 4 வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்குத்தான் நெடுநாள் பாதுகாப்பு. அப்புறம் வேறு வகை வந்தால், பழைய ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. வெள்ளணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் எஃப்சி ரிசெப்டர் என்று ஒன்று உண்டு. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடித்து, அது பற்றிய கிருமியோடு செல்லுக்குள் இழுப்பது அதன் வேலை. உள்ளே போகும் கிருமி சாதாரணமாக அழிந்துவிடும். டெங்கு வைரஸ் தப்பித்து அங்கேயே பெருகுகிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வழியாக வைரஸ் நுழைந்தால் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதம் குறைகிறது. வாசலைத் திறந்துவிட்டு, காவல் நாயையும் கட்டிப்போட்ட மாதிரி.

கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்து 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே முதல் வகை கண்டவர்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியால் கைக்குழந்தைக்கு முதல் டெங்குவே கடுமையாவதும் உண்டு.

இரண்டாம் முறை வந்தாலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் எங்கள் பக்கம் காய்ச்சல் விட்டதுமே படகேறிவிடுகிறார்கள். ஆபத்தான நேரமே அதுதான். காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுக்கடலில் இருப்பவர் எங்கே போவார்?

டெங்கு வந்து தேறியவரின் சீட்டில் அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி காய்ச்சல் என்றால், அந்தச் சீட்டை முதலில் டாக்டரிடம் காட்டலாம். தாங்களும் டெங்கு எண்ணிக்கையைப் போடும் செய்தியிலேயே இதை இரண்டு வரி சேர்த்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்