கப்பல்ல டின்னருக்கு என்ன போட்டுக்கப் போற?

கண்ணா,

நேத்து போன்ல "அம்மா அது லீவும்மா, கப்பல்ல என்னை யாரு பாக்கப் போறா, நாலு டீசர்ட்டு ரெண்டு ஷார்ட்ஸ் போதும்"னு சொல்லிட்டு டக்குனு வெச்சிட்ட. நானும் சரிப்பான்னுட்டேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல. போன்ல சொன்னா நீ "ம், ம்"னு சொல்லிக்கிட்டே வேற எதையாவது நோண்டிட்டு இருப்ப, அதான் உக்காந்து எழுதறேன். முழுசா படி. பாதியில நிறுத்திட்டு கட்டைவிரல் படம் போட்டு அனுப்பாத.

விஷயம் என்னன்னா, போன வாரம் உன் பொண்டாட்டி எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. கதவுல ஹேங்கர்ல மாட்டி வெச்ச ஒரு நீள டிரஸ்சு, ஒயின் கலர், பாக்கவே அவ்ளோ அழகு. "அத்தை, இதுக்கு எந்தக் கம்மல் போட்டா நல்லாருக்கும், ஃபார்மல் நைட்டுக்கு"ன்னு கேட்டிருந்தா, அதான் எல்லாரும் நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு டின்னருக்கு வர்ற ராத்திரி. அவன்கிட்ட காட்டினியாம்மான்னேன். "பாத்தாரு அத்தை, நல்லாருக்குன்னாரு"ன்னா. நீ நிமிர்ந்துகூட பாத்திருக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா. அந்த டிரஸ் பக்கத்துல நீ ரவுண்டு நெக் டீசர்ட்ல நிக்கப் போறியா? அத நினைச்சுதான் தூக்கம் போச்சு.

உன் ஃப்ரெண்டு கப்பல்ல டிரஸ் கோடுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னான்ல, அவன் பொய் சொல்லல, அவன் போனது நார்வீஜியன்ங்கிற கம்பெனியோட கப்பல். அவங்க 2000-லயே ஃப்ரீஸ்டைல்னு ஆரம்பிச்சு கட்டாய ஃபார்மல் நைட்டையே எடுத்துட்டாங்க, இஷ்டப்பட்டவங்க டிரஸ் பண்ணிக்கலாம் அவ்ளோதான். கப்பலுக்கு கப்பல், கம்பெனிக்கு கம்பெனி இது மாறும்டா. குனார்டு இருக்கு பாரு, குவீன் மேரி 2 ஓட்டறவங்க, அங்க சாயங்காலம் 6 மணி ஆச்சுன்னா பஃபே மாதிரி சில இடம் தவிர மத்த இடத்துல சும்மா டிரஸ்ல திரிய முடியாது, சவுத்தாம்டன்ல இருந்து நியூயார்க் போற 7 ராத்திரியில ரெண்டு காலா ராத்திரி, ஃபார்மல் நைட்டுக்கு அவங்க வெச்ச பேரு அது, அன்னிக்கு ஆம்பளைங்கன்னா டக்ஸீடோங்கிற விருந்துக் கோட்டு சூட்டு இல்லன்னா டார்க் சூட்டு, கழுத்துல டை. அவங்கவங்க நாட்டு பாரம்பரிய உடையில நல்லதா போட்டுக்கிட்டாலும் ஏத்துக்கறாங்க. கார்னிவல்ல அதே சமாச்சாரத்துக்கு எலிகன்ட் நைட்டுன்னு பேரு, 5 நாள் வரைக்கும்னா ஒண்ணு, 6 நாளும் அதுக்கு மேலயும்னா ரெண்டு, ஆனா குனார்டு அளவுக்கு கெடுபிடி இல்ல. செலிபிரிட்டி கம்பெனி 2015-ல ஃபார்மல்ங்கிற பேரை விட்டுட்டு ஈவினிங் சிக்னு பேரு வெச்சாங்க. வர்ஜின் கப்பல்ல எந்த ரூலும் இல்ல, ஆனா ஒரு ராத்திரி மட்டும் எல்லாரும் சிவப்புல வருவாங்களாம், ஸ்கார்லெட் நைட்டுன்னு. எனக்கு அது பிடிச்சிருக்கு, சொல்லப்போனா.

அதனால ஃப்ரெண்டு சொன்னான் அத்தை சொன்னான்னு போகாத, உன் புக்கிங் பேப்பரை எடுத்துப் பாரு. நீ எனக்கு அனுப்புனதுல தெளிவா போட்டிருக்கு, 7 ராத்திரியில 2 ஃபார்மல், மிச்சம் 5 ஸ்மார்ட் கேஷுவல், அதாவது சூட்டு டை இல்லாட்டியும் நீட்டா இருக்கணும். எந்த ராத்திரி எதுன்னு கப்பல் ஆப்புலயும் வரும், ரூமுக்கு வர்ற தினசரி ஷீட்டுலயும் இருக்கும். பெரும்பாலும் கப்பல் கரையில நிக்காம நாள் பூரா கடல்லயே இருக்கிற நாள்லதான் ஃபார்மல் வெப்பாங்க, ஏன்னா அன்னிக்குதான் எல்லாருக்கும் குளிச்சு சீவி சிங்காரிக்க நேரம் இருக்கும்.

சரி இப்ப எங்க கதைக்கு வரேன். அப்பா பக்கத்துல உக்காந்து "அதெல்லாம் எழுதாதடி"ங்கறார். எழுதுவேன்.

நாங்க கப்பல்ல போனப்ப எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா நான் அந்தப் பச்சை சில்க்கை மட்டும் பேப்பர்ல சுத்தி பெட்டியில அடியில வெச்சிருந்தேன். ரெண்டாவது நாள் ராத்திரி ஃபார்மல்னு ஷீட்டுல போட்டிருந்துச்சு. நான் ரெண்டு மணி நேரம் ஆக்கி ரெடியானேன், தலைக்கு மட்டும் பதினாலு பின்னு. உங்கப்பா வழக்கம்போல அரைக்கால் பேன்ட்டு, மேல கழுத்துப்பட்டி இல்லாத பனியன் மாதிரி ஒண்ணு, தலையில தொப்பி வேற. "சாப்பிடத்தானே போறோம்"னார். டைனிங் ரூம் வாசல்ல நின்ன ஆளு ரொம்ப மரியாதையா, "சார், ரூமுக்குப் போய் மாத்திக்கிட்டு வாங்க, டேபிள் அப்படியே இருக்கும்"னு சொன்னாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. போய் மாத்தினா பத்து நிமிஷம். இவருக்கு ரோஷம் வந்துடுச்சு. "எனக்கு இவங்க டேபிளே வேணாம், மேல பஃபே இருக்கு வா"ன்னு விறுவிறுன்னு போயிட்டார்.

மேல பஃபேல யாரு என்ன வேணா போட்டுக்கலாம், அதுதான் அதுக்கு அழகே, அதுல தப்பில்ல. ஆனா அங்க ஸ்விம்மிங் பூல்ல இருந்து நேரா வந்து தலை சொட்டச் சொட்ட தட்டோட வரிசையில நிக்கிறவங்களுக்கு நடுவுல பச்சை சில்க்கும் பதினாலு பின்னுமா நான் நின்னேன் பாரு. ஒரு சின்னப் பொண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் ஏதோ டான்ஸ் ஆட வந்தவன்னு நினைச்சிருக்கும். என்ன சாப்பிட்டேன்னு இப்பவரைக்கும் ஞாபகம் இல்ல.

கீழ இறங்கி வர்றப்ப பெரிய படிக்கட்டுக்கிட்ட போட்டோக்காரங்க பின்னாடி திரை எல்லாம் கட்டி நின்னாங்க, ஃபார்மல் நைட்டுன்னா அது உண்டு. "நீ போய் எடுத்துக்கோ, உன் ஹேண்ட்பேக்கை நான் பிடிச்சுக்கறேன்"னார். எடுத்துக்கிட்டேன். அந்த போட்டோ ஹால்ல இருக்கே, நான் மட்டும் நிக்கிறது, அத நல்லா உத்துப் பாரு, வலது ஓரத்துல ஒரு முழங்கையும் என் ஹேண்ட்பேக்கோட வாரும் தெரியும். அது உங்கப்பா.

இப்ப புரியுதா. ரூல்ஸ்காக சொல்லல நான். நிறைய கப்பல்ல இப்ப ரூல்ஸே தளர்ந்துதான் போச்சு, காலர் வெச்ச சட்டையும் ஃபுல் பேன்ட்டும் போட்டுக்கிட்டுப் போனா பல இடத்துல உள்ள விட்டுடுவாங்க. நீச்சல் டிரஸ்சு, வெறுங்காலு, கையில்லாத பனியன், தொப்பி, இதுங்களத்தான் நிறுத்துவாங்க. உள்ள விட்டாங்கங்கறது வேற, அவ பக்கத்துல பொருந்தி நிக்கிறது வேற.

அதனால பெட்டியில என்ன வெக்கணும்னு சொல்றேன். ஒரே ஒரு டார்க் சூட்டு, கருப்பு வேணாம், கருநீலம் இல்லன்னா அடர் சாம்பல் கலர். அந்த சூட்டு பேன்ட்டும் வெள்ளை சட்டையும் டையும் ரெண்டு ஃபார்மலுக்கும் போதும், ரெண்டாவது தடவைக்கு டை மட்டும் மாத்திக்கோ. ஸ்மார்ட் கேஷுவல் அன்னிக்கு அதே கோட்டை டை இல்லாம காக்கி கலர் பேன்ட் மேல போட்டுக்கலாம், கோட்டு இல்லாம வெறும் சட்டையாவும் போகலாம். சட்டை மொத்தம் நாலு. போட்டதையே போடறானேன்னு யாரும் எண்ணிக்கிட்டு இருக்க மாட்டாங்க, எல்லாரும் அததான் பண்றாங்க. டக்ஸீடோ வாங்காத, அதுக்கு அவசியமே இல்ல. பேப்பர்ல டின்னர் ஜாக்கெட்டுன்னு போட்டிருந்தா முழிக்காத, இங்கிலீஷ்காரன் டின்னர் ஜாக்கெட்டுங்கறதத்தான் அமெரிக்காக்காரன் டக்ஸீடோங்கறான். ஷூ ஒரு ஜோடி கருப்பு லெதர், அதையே ஃப்ளைட்ல போட்டுக்கிட்டு போ, பெட்டியில வெயிட்டு மிச்சம். அப்புறம் சாக்ஸ். கால் மேல கால் போட்டு உக்காந்தா கருப்பு ஷூக்கும் பேன்ட்டுக்கும் நடுவுல அந்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் பளிச்சுனு தெரியும், உங்க ரிசப்ஷன் வீடியோவுலயே தெரியுது, நான் இத்தனை நாள் சொல்லல. பேன்ட்டு இடுப்புல கொஞ்சம் தாராளமா இருக்கட்டும், அஞ்சாவது நாள் எனக்கு நன்றி சொல்லுவ.

அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டுப் போகாத, ஸ்டீமரும்தான். தீ பயத்துக்காக ரூம்ல அனுமதி இல்ல, ஏறும்போதே ஸ்கேன்ல பிடிச்சு வாங்கி வெச்சுட்டு இறங்குற அன்னிக்குதான் குடுப்பாங்க. சில கப்பல்ல அயர்ன் பண்ண தனி ரூம் இருக்கும், சிலதுல லாண்டரிக்குத்தான் குடுக்கணும். நான் பண்ணது என்னன்னா, குளிக்கும்போது பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் துணியை மாட்டி விட்டுட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன், ஆவியில முக்கால்வாசி சுருக்கம் போயிடுச்சு. இன்னொண்ணு, கேபின் சுவரு பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தக் கொக்கி நாலு வாங்கிட்டுப் போனா கோட்டு, அவ டிரஸ்சு எல்லாம் சுவத்துலயே மாட்டலாம், அங்க அலமாரி ஒரு ஆளுக்கே பத்தாது.

அவகிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடு, நானும் சொல்றேன். டைனிங் ரூம்ல ஏசி நடுக்கும், மேல போத்திக்க ஒரு ஷால். அப்புறம் ஊசி ஹீல்ஸ் வேணாம், கப்பல் லேசா ஆடினாலே போதும், அந்த கார்ப்பெட்ல நீள டிரஸ்சோட படி இறங்கறது சர்க்கஸ் மாதிரி, கொஞ்சம் அகலமான ஹீல்ஸா போட்டுக்கட்டும். படி இறங்கும்போது நீ கையைக் குடு. சொல்லித்தான் குடுக்கணுமா இதெல்லாம்.

முத ராத்திரிக்கும் கடைசி ராத்திரிக்கும் டிரஸ் பத்தி கவலையே படாத. முத நாள் பெட்டியை கீழயே வாங்கிக்குவாங்க, ரூமுக்கு வந்து சேர சில சமயம் சாயங்காலம் ஆயிடும், அதனால கையில எடுத்துட்டுப் போற பையில ஒரு நல்ல சட்டை மட்டும் வெச்சுக்கோ. முத ராத்திரியும் கடைசி ராத்திரியும் டிரஸ் பண்ணாம விடறது இன்னிக்கு நேத்து வந்த வழக்கம் இல்ல, 1912-ல டைட்டானிக் போன காலத்துலயே பணக்காரங்க தினமும் டின்னருக்கு டிரஸ் மாத்துவாங்க, ஆனா முத ராத்திரியும் கடைசி ராத்திரியும் மட்டும் விட்டுடுவாங்க, டிரங்குப் பெட்டிங்கள்லாம் பிரிச்சிருக்காது இல்லன்னா கட்டி வெச்சாச்சு. கடைசி ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி பெட்டியைக் கட்டி ரூம் வாசல்ல வெச்சிடணும், அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்கப்பா அன்னிக்கு ரொம்ப சுறுசுறுப்பா ஷூ, பகல்ல போடற பேன்ட்டு, சட்டை எல்லாத்தையும் உள்ள போட்டு பூட்டி வெளிய வெச்சிட்டார். மறுநாள் காலைல டின்னருக்குப் போட்டிருந்த சட்டை, கீழ நைட் பேன்ட்டு, காலுக்கு பூல் பக்கம் போடற ரப்பர் செருப்பு, இந்தக் கோலத்துல இமிக்ரேஷன்ல நின்னார். அதுக்கு மட்டும் ரோஷம் வரல.

ரெண்டாவது ஃபார்மல் நைட்டு என்னாச்சுன்னு சொல்லாம விட்டா அவர் கோவிச்சுக்குவார். நான் ஒண்ணுமே கேக்கல அவரை, பஃபேக்கே போலாம்னு சாதாரண டிரஸ்ஸை எடுத்து வெச்சிருந்தேன். சாயங்காலம் எங்கயோ போயிட்டு வரேன்னு போனவர் கையில ஒரு கோட்டோட வந்தார். கப்பல்லயே வாடகைக்கு குடுக்கற இடம் இருந்திருக்கு. டை கட்டத் தெரியல, ரூம் கிளீன் பண்ண வர்ற பையன்தான் கட்டி விட்டான், அவன் அளவு பாத்து பாத்து மூணு தடவை அவுத்துக் கட்டினான். "அந்தப் பச்சையைக் கட்டிக்கோ, கீழயே போலாம்"னு சுவத்தைப் பாத்து சொன்னார் உங்கப்பா.

கோட்டு தோள்ல சரியா இருந்துச்சு, ஆனா கை மட்டும் நீளம், விரல் நுனிதான் வெளிய தெரிஞ்சுது. ராத்திரி பூரா மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டே சாப்பிட்டார், ஸ்பூன் எடுக்கும்போதெல்லாம் அது இறங்கி இறங்கி வந்துச்சு. எங்க டேபிள்ல இருந்த வயசான தம்பதி, அவங்க சிரிப்பை அடக்க முடியாம நாப்கினை வாயில வெச்சுக்கிட்டாங்க, அப்புறம் நாங்க நாலு பேருமே சிரிச்சோம். அன்னிக்கு எடுத்த போட்டோ ஹால்ல இல்ல, என் பீரோவுல இருக்கு. அதுல உங்கப்பாவுக்கு கையே இல்லாத மாதிரி இருக்கும்.

அதனாலதான் சொல்றேன், வாடகைக்கு அங்க போய் பாத்துக்கலாம்னு விடாத. உனக்கு இருக்கிற நீலக் கோட்டு கல்யாணத்துக்கு முன்னாடி தெச்சது, இன்னும் பொருந்துதான்னு இந்த வாரமே போட்டுப் பாரு, கை நீளம் மணிக்கட்டு எலும்புல வந்து நிக்கணும், உள்ள சட்டைக் கை அரை இஞ்ச் வெளிய தெரியணும். சரியில்லன்னா அளவெடுத்து எனக்கு அனுப்பு, அப்பாவுக்குத் தெச்சவர் இருக்கார், ரெண்டு வாரத்துல முடிச்சுக் குடுத்துடுவார். நீயே டேப்பை வெச்சுக்கிட்டு அளக்காத, கை மடங்கிடும், அளவு தப்பா வரும். அவளை அளக்கச் சொல்லு. அந்த ஒயின் கலர் டிரஸ்ஸுக்கு எந்த டை பொருந்தும்னும் அப்படியே அவகிட்டயே கேட்டுக்கோ.

அம்மா