பிரித்துத் தைத்த கொடி

ஜகார்த்தா,
ஆகஸ்ட் 12

அன்புள்ள சரசு,

நீ போட்ட கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் கையெழுத்து இன்னமும் வலப்பக்கம் சாய்ந்துகொண்டேதான் போகிறது. மூட்டுவலி தேவலையா? கால்மிஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள் என்று உன் பையன் சொல்வது சரிதான். வீம்பு பிடிக்காதே.

நான் இங்கே நலம். பேரன் காலையிலேயே பள்ளிக்குப் போய்விடுகிறான். அப்புறம் பகல் முழுக்க நானும் சன்னலும்தான். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து வெளியே எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையும். 17ஆம் தேதி இந்தோனேசியாவுக்குச் சுதந்திர தினம். தெருவோரத்தில் கயிறு கட்டிக் கொடியைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். நம் ஊர் வழுக்கு மரம்கூட உண்டு தெரியுமா? பாக்கு மரத்தை நட்டு, வழுக்க வழுக்கத் தடவி, உச்சியில் பரிசுகளைக் கட்டிவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா இவர்களுடைய முதல் கொடியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் தேடித் தேடிப் படித்தேன். இப்போது உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ டெய்லர், உனக்குத்தான் இது சரியாகப் புரியும்.

அந்தக் கொடியைத் தைத்தவர், பிறகு இந்த நாட்டின் முதல் ஜனாதிபதியான சுகர்ணோவின் மனைவி ஃபத்மாவதி. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம் அது. துணிப் பஞ்சம், சாக்கை வெட்டி உடுத்தியவர்கள்கூட உண்டு. 1944 செப்டம்பரில் ஜப்பான் பிரதமர் கொய்சோ, இவர்களுக்கு விடுதலை தருவோம் என்று அறிவித்தார். விடுதலை வந்தால் ஏற்றக் கொடி வேண்டுமே! சைருல் பஸ்ரி என்ற இளைஞர் ஷிமிசு என்ற ஜப்பானிய அதிகாரியிடம் கேட்டுச் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் வாங்கி வந்தார். ஆள்கிறவனிடமே துணி வாங்கி அவன் போன பிறகு ஏற்றக் கொடி தைப்பது! எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஃபத்மாவதிக்கு அப்போது 21 வயது, வயிற்றில் தலைப்பிள்ளை. நவம்பர் 3ஆம் தேதி பிள்ளை பிறந்தது என்றால், தைக்கும்போது மாதம் எத்தனை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். காலால் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் கைமிஷினில் தைத்தாராம். கொடியின் நீளம் 276 சென்டிமீட்டர், அகலம் 200. வலது கை கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அவ்வளவு பெரிய துணியை இடது கை ஒன்றே தள்ள வேண்டும். உன் அம்மாவின் கைமிஷினில் நாம் பாவாடை தைக்கப் போய், நான் சுற்ற நீ தள்ள, கோணல்மாணலாகப் போனதே, ஞாபகம் இருக்கிறதா?

1945 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஜகார்த்தாவில் பெகாங்சான் திமூர் தெரு 56ஆம் எண் வீட்டு வாசலில் சுகர்ணோ விடுதலை அறிவிப்பைப் படித்தார். நோன்பு மாதம், அவருக்கோ மலேரியாக் காய்ச்சல். கொடிக்கம்பம் ஒரு மூங்கில். ஒரு மாதம் கழித்து சுராபயாவில் ஒரு ஓட்டல் மேல், ஜப்பானுக்கு முன்னால் இந்த நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் தங்கள் கொடியை ஏற்ற, இளைஞர்கள் ஏறி நீலப் பட்டையைக் கிழித்துவிட்டார்கள். மீதி இருந்தது சிவப்பும் வெள்ளையும்! அந்தக் கதையை இங்கே குழந்தைகள்கூடச் சொல்கின்றன.

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான்.

1948 டிசம்பர் 19. அரசாங்கம் யோக்யகர்த்தாவில் இருந்தது, கொடியும் அங்கேதான். டச்சுப் படை ஊருக்குள் புகுந்துவிட்டது. சுகர்ணோ தன் உதவியாளர் ஹுசைன் முதஹாரைக் கூப்பிட்டு, உயிரைக் கொடுத்தாவது இதைக் காப்பாற்று என்று கொடியைக் கையில் கொடுத்தார். முதஹார் என்ன செய்தார் என்கிறாய்? தையலைப் பிரித்துவிட்டார். ஒரு பெண்மணி கூட இருந்து உதவினாராம். சிவப்பு ஒரு பைக்குள், வெள்ளை இன்னொரு பைக்குள், இரண்டிலும் மேலே தன் துணிமணி. எவனாவது பையைக் கொட்டிப் பார்த்தாலும் கையில் அகப்படுவது ஒரு சிவப்புத் துணியோ வெள்ளைத் துணியோதான். கொடி அதில் இல்லையே! கொடிக்காக அடி வாங்கியவர்களையும், கொடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு செத்தவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறோம். காப்பாற்றுவதற்காகத் தையலைப் பிரித்தவரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அவரையும் பிடித்துச் செமாராங்கில் வைத்தார்கள். தப்பி, கப்பலில் ஜகார்த்தா வந்து சேர்ந்தார். 1949 ஜூனில், பங்கா தீவில் காவலில் இருந்த சுகர்ணோவிடமிருந்து கொடியைக் கேட்டுச் செய்தி வந்தது. முதஹார் ஒரு டாக்டரின் மனைவியிடம் தையல்மிஷினை இரவல் வாங்கினார். ஃபத்மாவதியின் ஊசி போட்டிருந்த பழைய ஓட்டைகளிலேயே மறுபடி ஊசி இறங்கும்படி பார்த்துப் பார்த்துத் தைத்தார். பாட்டுக்கு மெட்டுப் போடுகிற மனிதர் அவர், டெய்லர் இல்லை. கடைசியில் ஒரு இரண்டு சென்டிமீட்டர் மட்டும் தப்பிவிட்டதாம். பிறகு செய்தித்தாளில் சுற்றி, தூது வந்தவரிடம் கொடுத்து அனுப்பினார்.

இங்கே எல்லாரும் ஃபத்மாவதியைத்தான் கொண்டாடுகிறார்கள். அவர் ஊரான பெங்குலுவில் அந்த மிஷினைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனாலும் என் மனம் அந்த இரவல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆளிடமே போய் நிற்கிறது. அந்தக் கொடியை 1968 வரை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு துணி தாங்காது என்று நகலைத்தான் ஏற்றுகிறார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி நம் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொடி தைத்துத் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, நீ பச்சையை மேலே வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாய். வாத்தியார் எல்லார் முன்னாலும் திட்ட, நீ அழுதுகொண்டே பிளேடால் பிரித்தாய். பழைய ஓட்டை தெரிகிறதே, தெரிகிறதே என்று ஒரே புலம்பல். நான் சக்கரத்துக்கு ஆரம் வரைந்தேன், எண்ணிப் பார்த்தால் 22தான் இருந்தது. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. உன்னிடம் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். பழைய ஓட்டையிலேயே ஊசி இறங்க வேண்டுமானால் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஒவ்வொரு தையலாகத்தானே போட வேண்டும்? ஏறக்குறைய மூன்று மீட்டர் அப்படிச் சரியாக வந்தவருக்குக் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் ஏன் தப்பியது? அடித்துணி இழுபட்டிருக்குமா? வீடு வந்து சேர்ந்தது போல அந்த இடத்தில் கை வேகமாகச் சுற்றிவிட்டதா? உன் அனுபவத்தில் எது என்று எழுது. பதினெட்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, கடிதத்திலேயே எழுது.

அன்புடன்,
உன் விஜி

பின்குறிப்பு: பேரனுக்கு நீ அனுப்பிய சட்டை தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. பிரிக்க உள்ளே துணி விட்டிருக்கிறாயா?