பட்டியல் போடுகிறவர்களே, வண்ணாரப்பேட்டைக்கும் வாருங்கள்

சென்னையில் எங்கே துணி எடுக்கலாம், எங்கே சாப்பிடலாம், மாலைப்பொழுதை எங்கே கழிக்கலாம் என்று எழுதுகிற, காணொளி எடுக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் என் நாத்தனார் மகள் மதுரையிலிருந்து இரண்டு தோழிகளோடு வந்திருந்தாள். இரண்டு நாள் தங்கினார்கள். உங்களில் யாரோ போட்ட பட்டியல் ஒன்று அவள் போனில் இருந்தது. தி.நகர், பாண்டி பஜார், இரண்டு மால், பெசன்ட் நகர் கடற்கரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடை என்று மொத்தம் இருபத்தைந்து இடங்கள். அதில் ஒன்றுகூட சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே வரவில்லை. அவர்கள் தங்கியிருந்த எங்கள் வீடோ பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. முதல் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "அத்தை, உங்க ஏரியாவுல பார்க்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். குழந்தை மாதிரிதான் கேட்டாள். எனக்கு மனசு கனத்துப்போனது. அவளிடம் சொல்ல நினைத்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

துணியிலிருந்தே தொடங்குகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் ஏற்றிய துணியை வெளுத்துக் கொடுத்த மக்கள் குடியிருந்ததால்தான் எங்கள் ஊருக்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர். இன்றைக்கும் எம்.சி. ரோட்டில் நின்றால் இரண்டு பக்கமும் துணிக்கடைதான். சேலை, சுடிதார், குழந்தைகளுக்குக் கவுன், பள்ளிச் சீருடை எல்லாம் உண்டு. கடைக்குள்ளே ஒரு விலை, நடைபாதையில் ஒரு விலை. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் ஒரே மாதிரி கூட்டம் நெரியும். பேரம் பேசத் தயங்குகிறவர்கள்கூட இங்கே இரண்டாவது கடையிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பாரிமுனையை நீங்கள் ஏன் தொடுவதே இல்லை என்பது எனக்குப் புரியவில்லை. அங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு பொருளுக்கு. காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. மொத்த விலைக்குத் துணி என்றால் கோடவுன் தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு, பொம்மையும் வெளிநாட்டுச் சாமான்களும் காசிச் செட்டித் தெரு. ஒரே பொருளை விற்கும் கடைகள் வரிசையாக இருப்பதால், நாலு கடை ஏறி இறங்கினால் நியாயமான விலை தானாகத் தெரிந்துவிடும். என் கல்யாணத்துக்கு அப்பா பத்திரிகை அடித்தது ஆண்டர்சன் தெருவில்தான். பத்திரிகைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கிருந்து நடந்தே போய் மற்ற சாமான்களையும் வாங்கி வந்தார். ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே நாளில், கால்நடையாகவே வாங்கிவிடக்கூடிய இடம் இந்த நகரத்தில் வேறு எது?

சாப்பாட்டில் சௌகார்பேட்டையை மட்டும் நீங்கள் அவ்வப்போது காட்டுவதுண்டு. சந்தோஷம். தங்கசாலைத் தெருவின் ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச், லஸ்ஸி, என்.எஸ்.சி. போஸ் சாலையில் இரவு நேரத்தில் நெய் சொட்டும் பொடி இட்லி எல்லாம் ஏற்கனவே பெயர் வாங்கியவை. நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில வருஷங்களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அப்படி வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969-இல் துறைமுகத்தை ஒட்டி உருவானதுதான் பர்மா பஜார். கையில் எடுத்து வர முடியாததை அவர்கள் நாக்கில் எடுத்து வந்தார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை. மேலே மொறுமொறுவென்று பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருகிற மசாலா முட்டையையும் விட்டுவிடாதீர்கள். சூப் ஊற்றிய நூடுல்ஸான மொய்ங்கா கேட்டால் அதுவும் கிடைக்கும். ரங்கூனில் பிறந்த ஒரு பாட்டியின் கைமணம், பேரனுடைய கை வழியாக உங்கள் தட்டுக்கு வருகிறது. இதை 'நூடுல்ஸ் கடை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

வெயிலுக்குக் குடிக்க எங்கள் பக்கம் கேழ்வரகுக் கூழ். வண்டியில் மண்பானை இருக்கும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோ, மாங்காயோ, கருவாடோ தருவார்கள். ஆடி மாதத்தில் காசே வேண்டாம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். நீங்கள் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பாத்திரம் இருந்தால் போதும்.

அப்புறம் காசிமேடு. விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும். படகிலிருந்து இறங்கிய மீனைக் கூடை கூடையாக ஏலம் விடுவார்கள். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, இறால், நண்டு எல்லாமே கண்முன்னே. ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. ஏலம் எடுக்கிற பெண்களின் குரலைக் கேட்பதற்காகவே ஒருமுறை வரலாம். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், தரை வழுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தச் சமயத்தில் வந்துவிட்டு, காசிமேட்டில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பொழுதுபோக்கு என்றதும் மால் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கும் தியேட்டர்கள் இருந்தன. தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020-இல் மூடினார்கள். நான் சின்ன வயதில் பார்த்த படங்களில் பாதி அங்கே பார்த்தவை. சரி, அது போகட்டும். இன்றைக்கும் சாயங்காலம் தெருக்களில் நடந்தால் கேரம் பலகையைச் சுற்றி நாலு பேர் நிற்பதைப் பார்க்கலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் வடசென்னைப் பெண். வியாசர்பாடிப் பக்கம் போனால் கால்பந்து. நின்று பார்க்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

கட்டடங்கள் வேண்டுமா? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழையில் நடந்த ராபின்சன் பூங்காவும் ராயபுரத்தில்தான். திருவொற்றியூர் கோயிலில் புற்று வடிவான ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்க வருஷத்தில் மூன்றே நாள்தான், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி. அந்த நாட்களில் நெரிசல் அதிகம் என்றாலும், மாலையில் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தூரம் என்று இனிமேல் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். பாரிமுனைக்கு உயர் நீதிமன்றம் நிலையம், பர்மா பஜாருக்கு மண்ணடி, எம்.சி. ரோட்டுக்கு வண்ணாரப்பேட்டை. குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். சௌகார்பேட்டைச் சந்துகளில் கார் கொண்டு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடைகள் பல பூட்டியிருக்கும். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம். இதைத் தெரிந்துகொண்டு வந்தால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

வருகிறவர்களிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் இட்லிக் கடை போடுகிற அக்கா ஒருவரை, கேட்காமலே ஒரு பையன் படம் எடுத்தான். அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் முகத்துக்குக் கீழே, 'ரவுடி ஏரியாவில் இட்லி' என்று எழுதி அடிதடிப் பாட்டையும் சேர்த்துப் போட்டான். அவர் மகள் அதைப் பள்ளித் தோழிகளின் போனில் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். இருபது வருஷமாக விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு கரைக்கிற பெண் அவர். கத்தியையும் ரத்தத்தையும் வைத்தே எங்களைப் பார்த்துப் பழகிவிட்டீர்கள். தயவுசெய்து கேமராவை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போடுங்கள், விலையைப் போடுங்கள். வியாபாரம் நடக்க அது போதும்.

நாத்தனார் மகளை இரண்டாம் நாள் சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அழைத்துப் போனேன். மூன்று பெண்களும் ஆளுக்கு இரண்டு மசாலா முட்டை சாப்பிட்டார்கள். சூப்பை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். வண்டிக்காரத் தம்பி, "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, நாலாவது முறை அவரே ஊற்றினார். தீபாவளித் துணிக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எம்.சி. ரோட்டுக்குத்தான்.

நீங்களும் வாருங்கள். தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது. காலை நாலு மணிக்குக் கிளம்பத் தயாராக இருங்கள், காசிமேட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருத்தி